பின்வழிக்காரி

தான் செத்த கதையைத் தானே கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. துணியறைக்காரிக்கு வாய்த்தது. ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைக் கையில் பிடித்தபடி, பட்டப்பகலில், எதிரே நின்ற ஒரு வாயாடிப் பெண் சொல்ல அதைக் கேட்டாள்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் துணியறையைக் கவனித்துக்கொள்பவள். விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைத் துணி எல்லாம் அவள் கைக்கு வந்த பிறகுதான் மாடிகளுக்குப் போகும். மருத்துவமனை பழைய சலவைக்காரரை மாற்றிவிட்டு வேறு ஊரிலிருந்த ஒரு சலவைக்கூடத்தைப் பேசி முடித்தபோது, "அங்க எப்படி மடிக்கிறாங்கன்னு நானே போய்ப் பாத்துட்டு வர்றேன் சார்" என்று முந்திக்கொண்டாள். மேலதிகாரிக்கு அவளுடைய அக்கறை பிடித்திருந்தது. அந்த அக்கறையில் மடிப்புக்குப் பங்கு கொஞ்சம்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இருபது வருடம் ஆகப்போகிறது. அவள் இதே சலவைக்கூடத்தில் சில மாதங்கள் மடிப்பு வேலை பார்த்தாள். இதன் பின்வழியில்தான் அவள் புருஷன் அவளைக் கொல்லப் பார்த்தான். ஒருத்தி வந்து காப்பாற்றினாள். அந்த ஒருத்திக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குப் பேசுகிற நிலையில் வாய் இல்லை. பிறகு தைரியம் இல்லை. புருஷன் இருக்கும்வரை இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்துவிட்டாள். மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா போன் செய்து, "அவன் போய்ச் சேந்துட்டான்டி, ஈரல் கெட்டு" என்றாள். துணியறைக்காரி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முன்னால் குவிந்து கிடந்த தலையணை உறைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். கடைசி உறையை அடுக்கியபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். ரேடியோவைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ரேடியோ என்பது அந்த ஒருத்தியின் பட்டப்பெயர், மடிப்பு மேசையில் அவளுக்கு ஜோடியாக இருந்தவள். ஊரில் நடந்த களவு, கொலை, கிணற்றில் கிடந்தவள், ரயிலில் காணாமல் போனவள் என்று எல்லாவற்றையும் ஒலிபரப்புவாள். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். எந்திரச் சத்தத்தில் கை சேரும் தூரத்தில்தான் பேச்சுக் கேட்கும். அதனால் இந்தக் கூடத்தில் கதை என்றால் மடிப்புக்கு ஒரு வரி. ஒரு வரியைச் சொல்லிவிட்டு விலகிப் போவார்கள். கேட்டவள் அதை மென்றுகொண்டே அடுத்த விரிப்பை எடுப்பாள். கொலைகாரன் கதவைத் திறந்தான் என்றால், உள்ளே யார் இருந்தார்கள் என்பது அடுத்த மடிப்பில்தான் தெரியும். வேலையை வேகப்படுத்த இதைவிட நல்ல வழியை எந்த முதலாளியும் கண்டுபிடித்ததில்லை.

மேலாளர் அவளை உள்ளே அழைத்துப்போனார். சூடான பருத்தியின் வாசனை அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் மாறியிருந்தது. ரேடியோ இப்போது மடிப்புப் பிரிவுக்கே பொறுப்பாளராம்.

"அந்தம்மா புதுக் கட்டடத்துல மெஷின் ரிப்பேரைப் பாத்துட்டிருக்காங்க மேடம். டீ நேரத்துக்கு வந்துருவாங்க. அதுவரைக்கும் இந்தப் பொண்ணோட நில்லுங்க. பேரு குருவி. வேலையும் செய்யும், வாயும் செய்யும்."

"சார் சொல்றதை நம்பாதீங்க மேடம்," என்றாள் குருவி. "வாய் மட்டும்தான் செய்வேன்."

துணியறைக்காரி சிரித்துவிட்டு ஒரு விரிப்பின் மூலைகளை எடுத்தாள். உதறினார்கள். கைகள் சேர்ந்தன.

"மேடம் நல்லா பிடிக்கிறீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"பழைய வேலை" என்றாள். இடது சுண்டுவிரல் மடங்காததால் அவள் மூலையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுவாள். இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பே அந்த விரலை உடைத்ததும் புருஷன்தான்.

மூன்றாவது விரிப்பில் குருவிக்குப் பொறுக்கவில்லை. "மேடம், பேய்க்குப் பயப்படுவீங்களா?"

"பேயைப் பொறுத்தது."

"எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. பின்வழிக்காரின்னு பேரு. கதை இல்ல மேடம், நெசமா நடந்தது. அடுத்த வாரம் இதைப் பதிவு பண்ண ஆளுங்க வர்றாங்க. உண்மைக் குற்றம்னு போன்ல ஒரு நிகழ்ச்சி வருதே, ஊரே கேக்குது. நான்தான் அவங்களுக்கு எழுதிப் போட்டேன்."

விலகிப் போனார்கள். தான் செத்துவிட்டதாக ரேடியோ சொல்லியிருப்பாள் என்பது துணியறைக்காரிக்குத் தெரியும். அது அவர்கள் இருவரும் அன்றைக்கே செய்துகொண்ட ஏற்பாடு. அவளை வண்டியில் ஏற்றும்போது ரேடியோ காதருகே குனிந்து, "நீ செத்துட்டேன்னு சொல்லிடறேன், சரியா?" என்று கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள். ஆனால் செத்தவள் இத்தனை வருடம் வேலையில் நீடித்திருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை.

"இங்க மடிப்பு வேலை பாத்தவ மேடம். முழங்கால் வரைக்கும் முடி."

தோளைத் தாண்டாத முடி என்று துணியறைக்காரி தனக்குள் திருத்தினாள். அதுவும் அப்போதே உதிர்ந்துகொண்டிருந்தது.

"கொடி மாதிரி இடுப்பு. எப்பவும் செவப்புச் சேலைதான் கட்டுவாளாம்."

ஒரே ஒரு சேலையை வெளுக்க வெளுக்கக் கட்டினாள். சாம்பல் நிறம். பின்வழிக்காரி தன்னைவிட நன்றாக வாழ்ந்திருக்கிறாள் என்று தோன்றியது.

"அவ கொஞ்சம் அப்படித்தானாம் மேடம். எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாளாம். புருஷனுக்கு எப்படி இருக்கும்?"

அடுத்த கைசேர்ப்பில் துணியறைக்காரி கேட்டாள். "சிரிச்சதுக்கா கொன்னான்?"

குருவி சற்று யோசித்தாள். "கதையில அப்படித்தான் மேடம் வரும்." அதோடு விட்டுவிட்டாள். போய் அடுத்த விரிப்பைக் கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் இருந்தது. "அந்த எடத்தை நானும் இதுவரைக்கும் யோசிச்சதில்ல" என்றாள்.

கதை மேலே போனது. மாலை வேலை. ஈரத் துணி வண்டியைத் தள்ளிவர அவள் பின்வழிக்குப் போகிறாள். இருட்டு. புருஷன் கத்தியோடு நிற்கிறான். "அஞ்சு குத்து மேடம். போன வருஷம் வரைக்கும் மூணுதான். மூணு எடுபடல, நான்தான் அஞ்சாக்கினேன்."

கத்தி இல்லை. தள்ளுவண்டியின் கழன்ற கைப்பிடி, இரும்புக் குழாய். துணியறைக்காரியின் காதுக்குப் பின்னால் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

"விழுந்தவ கையில எட்டினது சுவத்துல ஓடற நீராவிக் குழாய். அதைத் தட்டறா. அந்தக் குழாய் இந்த மேசைக்கு மேலதான் வருது, பாருங்க, அதுதான். டங்கு, டங்குன்னு இங்க கேக்குது. ஆனா நீராவி ஆறினா குழாய் தானாவே தட்டும் மேடம், தினமும் கேக்கறதுதான்."

அது உண்மை. அடுத்த வரிக்காகத் துணியறைக்காரி தன்னையறியாமல் வேகமாக நடந்து வந்தாள். இனிமேல்தான் ரேடியோ வருவாள். எழுந்து ஓடி வருவாள். திரும்பி வராத ஜோடிக்காக, பிடிக்க ஆளில்லாமல் தரையில் கிடக்கும் விரிப்பின் மறுமுனைக்காக.

கைகள் சேர்ந்தன. குருவி குரலைத் தாழ்த்தினாள்.

"கேட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க ரேடியோ அக்காதான். அவங்கதான் ஜோடி. கேட்டாங்க மேடம். குழாய்தான் தட்டுதுன்னு மடிச்சுக்கிட்டே இருந்துட்டாங்க. யாருமே போகல."

விரிப்பு துணியறைக்காரியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சுத்தப் பகுதியில் தரையைத் தொட்ட துணி மறுபடி சலவைக்குப் போக வேண்டும்.

"அய்யோ, பயந்துட்டீங்களா மேடம்? எல்லாருக்கும் இந்த எடத்துலதான் தூக்கிப் போடும்."

"இதை யார் சொன்னது உனக்கு?"

"அவங்களேதான். புதுசா வர்ற எல்லார்கிட்டயும் சொல்வாங்க. 'நான் போகலடி, நீங்களாவது போங்க'ன்னு. பாவம் மேடம். சில பேரு அவங்க முகத்துக்கு நேராவே கேட்டுருக்காங்க, எப்படி அக்கா உக்காந்திருந்தீங்கன்னு. அவங்க மூத்த நாத்தனார் இன்னும் அவங்க வீட்டுல கை நனைக்கறதில்லயாம், இவ மனசு கல்லுன்னு. அடுத்த வாரம் பதிவுலயும் அவங்க வாயாலயே சொல்லச் சொல்லிக் கெஞ்சி வெச்சிருக்கோம். 'சரி, ஊருக்கும் சொல்லிடுவோம்'னு சிரிச்சாங்க."

நன்றி சொல்லிவிட்டுச் சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்று வந்தவளுக்கு, தான் கொண்டுவந்த நன்றி கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிப்போனதுபோல் இருந்தது. தன் உயிரைக் காப்பாற்றியவள் இத்தனை வருடமாகக் காப்பாற்றாதவளாக நடமாடியிருக்கிறாள். அடுத்த வாரம் அது முகம் தெரியாத ஆயிரம் பேரின் காதுக்கும் போகப்போகிறது. அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் அழியாது.

டீ மணி அடித்தது. எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்தாள். நரைத்த முடி, எண்ணெய் படிந்த கை, காலை இழுத்து நடை. மருத்துவமனை ஆளைப் பார்த்து வணக்கம் சொல்ல வந்தவள் வழியில் மடிப்பு அடுக்கின் அருகே நின்றுவிட்டாள். மேலே இருந்த விரிப்பின் மூலையைத் தொட்டாள். கட்டைவிரலால் உள்ளே தள்ளியிருந்த மூலை. அதற்கடுத்ததைத் தொட்டாள். அதற்கடுத்தது.

"இதை யார் மடிச்சது?"

"மேடம்தான் அக்கா. ஒரு ஷீட்டைக் கீழ போட்டுட்டாங்க, பரவால்ல."

ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் விரிப்பின்மேல் அழுந்தியது. "மேடத்துக்குப் பின்வழியைக் காட்டிட்டு வர்றேன்" என்றாள். "நீங்க டீ குடிங்க."

பின்வழியில் இப்போது இருட்டு இல்லை. இரண்டு குழல் விளக்குகள். ஒரு பக்கச் சுவரை இடித்துக் கம்பி வலை போட்டிருந்தார்கள். கூடத்திலிருந்து பார்த்தால் இங்கே நிற்பவர் தலை முதல் கால் வரை தெரியும்.

ரேடியோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சொன்னாள், "பெருத்துட்ட."

"செத்தவளுக்கு என்ன வேலை? உக்காந்து சாப்பிட்டேன்."

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அது சிரிப்பாகவே முடியவில்லை. ரேடியோ எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைக்கப்போய் கன்னத்தில் கறுப்பாக இழுத்துக்கொண்டாள். துணியறைக்காரி தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"அவன்?"

"மழைக்காலத்துல போயிட்டான்."

"நிம்மதி" என்றாள் ரேடியோ. "மறுநாள் காலையில அவன் தம்பியை அனுப்பி வேவு பாத்தான். நான் மாரடிச்சு அழுதேன் பாரு, எனக்கே நீ செத்துட்டியோன்னு சந்தேகம் வந்துருச்சு. போலீஸ் அவனைத் தேடுதுன்னு சேத்து விட்டேன். அதோட ஓடினவன்தான்."

"அதெல்லாம் சரி. நீ வரலைன்னு எதுக்குச் சொன்னே?"

ரேடியோ வலையைப் பிடித்துக்கொண்டாள். "வந்தேன்னு சொன்னா விடுவாங்களா? எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, பொணம் எங்க, எங்க பொதைச்சாங்கன்னு குடைவாங்க. ஒரு எடத்துல உளறிட்டா உன்னைத் தேடி வந்துருவான். வந்தது யாருன்னு இருட்டுல அவனும் பாக்கல, கூடத்துல மத்தவங்களும் பாக்கல. போகாதவளுக்கு ஒண்ணும் தெரியாது பாரு. 'நான் போகவே இல்ல'ன்னு ஒரு வார்த்தை. அத்தனை வாயும் அடைஞ்சுது."

"அடைஞ்சுது. உன்னை ஏசறதுக்குத் திறந்துது."

"ஏசட்டுமே. ஏச்சு என்ன ஊசியா, குத்தறதுக்கு?" பிறகு குரல் சற்று இறங்கியது. "மொதல்ல குத்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. இந்த விளக்குக்கு எத்தனை தடவை கேட்டோம் தெரியுமா? போடல. பின்வழிக்காரி வர்றா, குழாய் தட்டறான்னு பொண்ணுங்க இந்தப் பக்கமே வர மாட்டேன்னாங்க. சுவரையே இடிச்சுட்டான் முதலாளி. உயிரோட இருந்தவளுக்குப் போடாத விளக்கைப் பேய்க்குப் போட்டான்."

துணியறைக்காரி விளக்கை அண்ணாந்து பார்த்தாள். "உனக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்" என்றாள்.

"அதெல்லாம் மைக்கைப் பிடிச்சவங்க சொல்றது. போடி."

"அடுத்த வாரம் நீயே மைக்கைப் பிடிக்கப் போறியாமே. வரலைன்னு சொல்லப் போறியாம்."

"விடு. அந்தக் கதையினாலதான் இங்க ஒருத்தியும் தனியா போறதில்ல, ஜோடியாத்தான் போறாளுங்க. பயம் இருக்கட்டும்."

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் துணியறைக்காரி. வரும் வழியில் யோசித்து வைத்த பேச்செல்லாம் போய், இப்போது தோன்றியதுதான் வந்தது. "அன்னைக்கு நான் எதுக்குக் குழாயைத் தட்டினேன்? நீ அந்தப் பக்கம் இருக்கேன்னு தெரியும், அதனால தட்டினேன். யாருமே வரமாட்டாங்கன்னு இந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டிருந்தேன்னு வெச்சுக்கோ. தட்டியிருப்பேனா? கையை மடக்கிக்கிட்டுப் படுத்துருப்பேன். அங்க டீ குடிக்குதே குருவி, அவ வீட்டுல நாளைக்கு என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா? அவ தட்டணுமா வேண்டாமா?"

"டீ ஆறிடும்" என்று ரேடியோ சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ நேராகத் தன் மூலைக்குப் போய்விடுவாள் என்பது தெரிந்தது. துணியறைக்காரி இன்னும் மடிக்காத ஒரு விரிப்பை எடுத்தாள். இரண்டு மூலைகளைப் பிடித்து ஓங்கி உதறினாள். மறுமுனை காற்றில் உப்பி எழுந்து, மெல்லத் தரையை நோக்கி இறங்கியது. அவள் அசையவில்லை.

சலவைக்கூடத்தில் ஆயுள் கழித்தவளால் வெளுத்த துணி தரையைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ரேடியோ இரண்டு எட்டில் வந்து மறுமுனையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் தான் மாட்டிக்கொண்டது அவளுக்குப் புரிந்தது.

"கள்ளி" என்றாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் இந்த முனை கீழ கிடந்துச்சு" என்று துணியறைக்காரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எந்திரங்கள் ஓய்ந்திருந்ததால் கத்த வேண்டியிருக்கவில்லை. "பிடிக்க வேண்டியவ பின்வழியில கிடந்தா. அது நான்."

டீக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. கைகள் சேர்ந்தன, விலகின.

"அவ்வளவு முடி கிடையாது. செவப்புச் சேலையும் கிடையாது. நான் யார்கிட்டயும் சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் ஒண்ணும் தப்பில்ல."

அடுத்த மடிப்பு.

"நான் தட்டினேன். குழாய் தினமும் தட்டும், எல்லாருக்கும் தெரியும். இவ மறுமுனையைப் பாத்தா. எழுந்து வந்தா."

"அக்கா, நீங்க போனீங்களா?" என்றாள் குருவி. குரல் குருவிக்குரல்போலவே ஆகிவிட்டிருந்தது.

பதில் துணியறைக்காரியிடமிருந்து வந்தது.

"வந்து, வண்டியைத் தள்ளி அவன்மேல மோதினா. அவன் சுவத்துல..."

"ஈர வண்டின்னு சொல்லு" என்றாள் ரேடியோ. சொல்லிவிட்டுத் தானே திகைத்தாள். ஆனால் தொடங்கிவிட்டது. "சும்மா வண்டின்னா எடுபடாது. அப்பத்தான் மெஷின்ல இருந்து எடுத்த ஈர ஷீட்டு, வண்டி வழிய வழிய. ரெண்டு ஆம்பளை தள்ளணும் அதை. நான் எப்படித் தள்ளினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இந்தக் கால் அன்னைக்குப் போனதுதான். வழுக்கி விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

துணியறைக்காரி அவள் காலைப் பார்த்தாள். அது அவளுக்கும் தெரியாது.

ஆளுக்கு ஒரு வரியாகச் சொன்னார்கள். அவன் சுவரோடு நசுங்கிக் கத்தியது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓடியது. ரேடியோ அவளை அதே தள்ளுவண்டியில் போட்டு அழுக்கு விரிப்புகளால் மூடி, ஆஸ்பத்திரித் துணி ஏற்றும் வண்டியில் ஏற்றிவிட்டது. விரிப்பு மடிந்து மடிந்து கையளவானது. பிறகும் முடியாததால் குருவி இன்னொன்றை எடுத்துக்கொடுத்தாள்.

"உன்னைக் கேக்கறவங்களுக்கு இதைச் சொல்லு" என்று துணியறைக்காரி குருவியிடம் சொன்னாள். "என் பேரு வேணும்னாலும் தர்றேன். இவ வந்தான்னு மட்டும் விடாம சொல்லு."

"அப்போ துணி காயற டிரையருக்குள்ளயும் பின்வழிக்காரி தட்டறான்னு சொல்றோமே, அது யாரு அக்கா?" என்றாள் மூலையில் இருந்த ஒரு பெண், நம்பிக்கை முழுதாகப் போகாமல்.

"டாக்டருங்க கோட்டுப் பையில மறந்துட்டுப் போற பேனா" என்றாள் ரேடியோ. "எத்தனை தடவை சொல்றது, பையைப் பாத்துட்டுப் போடுங்கடின்னு."

கூடமே சிரித்தது. குருவி எழுந்து வந்து ரேடியோவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ மற்ற கையால் விரிப்பின் கடைசி மடிப்பைத் துணியறைக்காரியின் கையில் சேர்த்தாள். மூலையைத் தானே கட்டைவிரலால் உள்ளே தள்ளினாள்.

"சாயங்கால வண்டிக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் போயிக்கறேன்."

"அப்போ அடுத்ததை எடு."